எட்டாவது சத்தம்

பதுரா,
நவம்பர் 7, வியாழன்.

அன்புள்ள நேசாவுக்கு,

செப்டம்பர் 15ஆம் தேதி பகல் 11.42க்கு நான்காம் இலக்கின் காகிதத்துக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான் என்பது உறுதியாகிவிட்டது. சுடுதளங்களைக் கண்காணிக்கும் அதிகாரி திங்கட்கிழமை கையெழுத்திட்ட கடிதம் நேற்றுக் காலைத் தபாலில் நம் கிளப்புக்கு வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் நான்காவது பத்தியில் இது இருக்கிறது. அதற்கு அடுத்த வரியை அப்படியே தருகிறேன்: "நான்காம் தடத்தில் இருந்தவர் விதிப்படி நடந்துகொண்டார். குறிப்பேட்டில் அவர்மீது எழுதப்பட்ட எச்சரிக்கை நீக்கப்பட வேண்டும்."

காகிதத்துக்குப் பின்னால் நின்ற ஆள் நான்.

இதை நீ ஒருமுறை படித்துவிட்டு, ஒரு குவளை தேநீர் குடித்துவிட்டு, மீதியைப் படி. அவசரமில்லை. நாற்பது வருடம் பள்ளத்தாக்குப் பத்திரிகையில் செய்தி எழுதியவன் நான். முக்கியமானதை முதல் வரியில் சொல்லிவிட வேண்டும் என்பது கைப்பழக்கம். மற்றதெல்லாம் இனி வரிசையாக வரும்.

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நரினில் அக்டோபரிலேயே பனி கொட்டிவிட்டது என்றும், நீ சீஸ் செய்யக் கற்றுக்கொடுக்கும் பண்ணையில் கொதிகலன் இரண்டு தடவை நின்றுபோனது என்றும், கிர்கிஸ் பெண்கள் உன்னைவிட வேகமாகத் தயிரை வெட்டுகிறார்கள் என்றும் உன் அக்கா ரொட்டிக் கடையில் சொன்னாள். இங்கே இன்னும் பனி கீழே இறங்கவில்லை. மலை உச்சியில் மட்டும் வெள்ளை. நானும் பார்லாவும் சுகம். எனக்கு ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். இரண்டு நாள் வலி. அந்த வலிக்கும் நான் நன்றி சொல்லிக்கொண்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அக்டோபர் 9ஆம் தேதியிட்டு நீ ஜாகெனுக்கு எழுதிய அஞ்சலட்டை 21ஆம் தேதி வந்தது. ஜாகென் சுடுதளத் தலைவர் என்ற முறையில் அதை 25ஆம் தேதி கமிட்டிக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். நான்கு வரி. டிசம்பர் 31க்குப் பிறகு உறுப்பினராகத் தொடர விரும்பவில்லை. வெட்டர்லி துப்பாக்கியைக் கேட்பவர்களுக்கு விற்றுவிடுங்கள். எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரி: "அன்று நான்தான் தப்பாகப் பார்த்தேனோ என்று எனக்கு இன்னும் தெரியவில்லை."

இந்தக் கடிதம் அந்தக் கடைசி வரிக்குப் பதில். நீ தப்பாகப் பார்க்கவில்லை, நேசா.

அன்று நடந்ததில் உனக்குத் தெரிந்த பாதி உன் பக்கம் நடந்தது. மற்ற பாதி முந்நூறு மீட்டர் தள்ளி, மண்மேட்டுக்குப் பின்னால், குழியில் நடந்தது. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். உன் பக்கம் நடந்ததை அன்று தடத்தில் இருந்த ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லவில்லை. எங்காவது தவறிருந்தால் நீ திருத்து.

பழைய துப்பாக்கி நாளில் இலக்குகளைக் கையால்தான் இறக்குவோம், ஏற்றுவோம் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ ஒருநாளும் குழிக்கு வந்ததில்லை. அதனால் எங்கள் வேலை எப்படி என்று சொல்கிறேன். நானும் துமாஷும் எட்டு இலக்குகளுக்கு இருவர். உங்களுக்கு ஒரு குண்டுக்கு ஒரு நிமிடம். தலைக்கு மேல் குண்டுகள் போகும். நாங்கள் சத்தங்களை எண்ணுவோம். எட்டு எண்ணியதும் இலக்குகளைக் கயிற்றால் கீழே இறக்கி, துளையைப் பார்த்து, காகிதம் ஒட்டி, மேலே ஏற்றி, அகப்பையால் மதிப்பெண் காட்டுவோம். முனையில் வட்டத் தகடு வைத்த அந்த நீளக் கம்பை நம் ஊரில் எல்லோரும் அகப்பை என்றுதானே சொல்கிறோம். பத்தொன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். பழைய துப்பாக்கி நாளில் எண்ணுவது மட்டும்தான் கடினம். எதிரே உள்ள பாறை ஒவ்வொரு சத்தத்தையும் திருப்பிக் கொடுக்கும். பாறை சுட்டதைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். இது குழியில் நிற்கும் எவனுக்கும் முதல் நாளே சொல்லப்படுகிற விஷயம்.

உங்கள் கடைசி அணியில் ஆறு பேரிடம் 1911 மாதிரி நீளத் துப்பாக்கி. அதன் சத்தம் சாட்டை அடித்ததுபோல் கூர்மை. இரண்டு பேரிடம் கருமருந்து நிரப்பிய வெட்டர்லி: நான்காம் தடத்தில் நீ, ஆறாம் தடத்தில் ஓத்மார். அதன் சத்தம் மந்தம், யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல் இருக்கும். ஆகவே ஆறு கூர்மை, இரண்டு மந்தம். உங்கள் ஒன்பது குண்டுகளுக்கும் அப்படித்தான் எண்ணினேன். பத்தாவது குண்டில் ஆறு கூர்மை வந்தது. ஒரு மந்தம் வந்தது. ஒரு வினாடி கழித்து இன்னொரு மந்தம் வந்தது. எட்டு என்றேன்.

இரண்டாவது மந்தம் நீ சுட்டதல்ல. ஓத்மார் சுட்டதைப் பாறை திருப்பிக் கொடுத்தது.

இலக்குகளை இறக்கினோம். ஏழு இறங்கின. நான்காவது இறங்கவில்லை. முந்தின நாள் மழையில் கயிறு ஊறிப் பருத்து, மேலே உருளையில் சிக்கிக்கொண்டது. அகப்பையை எடுத்துச் சட்டத்தைக் கீழிருந்து தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. தள்ளும்போது அகப்பையின் தகடு காகிதத்தின் முன்பக்கம், சரியாகக் கறுப்பு வட்டத்தின் நடுவில் போய் நின்றிருக்கிறது. எனக்கு அது தெரியாது. உங்களுக்கு அது தெரிந்தது. குழியில் ஒருவன் கயிற்றோடு மல்லுக்கட்டுவது அங்கிருந்து பார்த்தால் பத்து மதிப்பெண்.

இனி உன் பக்கம். கிடைத்த சாட்சியப்படி எழுதுகிறேன்.

ஓத்மாரின் புகை காற்றில் இடப்பக்கம் நகர்ந்து உன் தடத்தை மூடியிருந்தது. நீ புகை விலகக் காத்திருந்தாய். புகை விலகியபோது மற்ற ஏழு இலக்குகளும் இறங்கியிருந்தன. உன்னுடையது மட்டும் நின்றது. அதன்மேல் அகப்பை பத்தைக் காட்டியது. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். ஓத்மார் எழுந்து நின்று, "அடேயப்பா நேசா, கடைசிக் குண்டு பத்தா! மணியத் தூக்கிட்டுப் போக டிராக்டர் சொல்லியாச்சா?" என்று கேட்டான். முதல் பரிசான அந்தப் பெரிய மாட்டுமணியைச் சொன்னான். ஒன்பது குண்டுகளுக்குப் பிறகு உனக்கு 79, அவனுக்கு 78. அவனுடைய கடைசிக் குண்டு எட்டு என்பது அப்போது அவனுக்கே தெரியாது.

நீ தலையைத் திருப்பாமல், "நான் இன்னும் சுடவே இல்ல" என்றாய்.

"சுடாமயே பத்தா? அந்த மருந்துல எனக்கும் கொஞ்சம் குடும்மா" என்றான் ஓத்மார். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.

ஜாகென் உன் பின்னால் வந்து நின்று, "உனக்குக் காது அடைச்சிருக்கு. எட்டு பேரும் சுட்டாச்சு. எந்திரிம்மா" என்றார். அவர் எண்ணவில்லை. புகையைப் பார்த்துச் சொன்னார். இதை அவரே ஒப்புக்கொண்டார்.

"ஜாகென், குழியில என்னமோ சரியில்ல. போன் பண்ணுங்க" என்றாய்.

"குழியில இருக்கறது முரேசி. நீ துப்பாக்கியத் தொடறதுக்கு முன்னாலேருந்து அவன் அங்க இருக்கான். அவனுக்குத் தெரியாததா?"

என்னைப் பற்றிய இந்தப் பேச்சை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஐந்து பேரில் நான்கு பேர் இதே வார்த்தைகளைச் சொன்னார்கள்.

அடுத்து ஓத்மார் சொன்னதை எழுத அவனிடமே அனுமதி கேட்டேன். "அப்படியே போடு. மழுப்பாத" என்றான். அவன் சொன்னது: "சுடலன்னா சுட்டுத் தொலையேன். இன்னும் இருவது செகண்ட் இருக்கு. இலக்கு முன்னாலதான நிக்குது."

அந்த இருபது வினாடியில் உனக்கு இரண்டு வழி இருந்தது. பேசாமல் எழுந்திருந்தால், அங்கிருந்தவர்கள் கண்ட கணக்குப்படி, பத்து உன் பெயரில் ஏறியிருக்கும், மணியும் உன்னுடையது. சுட்டிருந்தால், உன் கை அன்று இருந்த நிலையில், எட்டுக்குக் குறைந்திருக்காது. அப்போதும் மணி உன்னுடையது. நீ போல்ட்டைத் திறந்தாய். தோட்டாவை வெளியே எடுத்துப் பாயில் நிறுத்தி வைத்தாய். இரண்டு கைகளையும் துப்பாக்கியிலிருந்து எடுத்துவிட்டாய். நேரம் பார்த்தவர் தன் கடிகாரத்தைப் பார்த்தபோது நாற்பத்தொன்றாவது வினாடி.

அதிகாரி அக்டோபர் 29ஆம் தேதி வந்து எல்லாவற்றையும் மறுபடி நடத்திப் பார்த்தார். துப்பாக்கிகளைப் பூட்டி வைத்துவிட்டு என்னை ஏறச் சொன்னார். நான் மண்மேட்டின் படியில் ஏறி, சட்டத்துக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் உருளையிலிருந்து கயிற்றை எடுத்தேன். அவர் கணக்குப்படி, அன்று நான் முப்பத்தெட்டாவது வினாடியிலிருந்து ஐம்பத்தைந்தாவது வினாடி வரை அங்கே இருந்திருக்கிறேன். என் நெஞ்சு கறுப்பு வட்டத்துக்கு நேர் பின்னால்.

விதி என்ன என்று உனக்குத் தெரியும். மேலே ஏறுமுன் போன் செய்ய வேண்டும். தடத்தில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எல்லாத் துப்பாக்கிகளும் திறந்திருக்கின்றன என்று தலைவர் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஏற வேண்டும். நான் துமாஷைப் பார்த்து, "ஜாகெனுக்குப் போன் போடு, நான் ஏறறேன்" என்று கத்தினேன். துமாஷ் தலையாட்டினார். ஏறிவிட்டேன். எட்டும் சுட்டாயிற்று என்ற நிச்சயத்தில் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதிகாரி துமாஷை விசாரித்தபோது அவர் சொன்னது குறிப்பில் இருக்கிறது: "காதுல மூடி போட்டிருந்தேன். இவரு என்ன சொன்னாருன்னு கேக்கல. பத்தொம்பது வருஷமா இவரு வானிலையப் பத்தித்தான் பேசுவாரு. அதான் தலையாட்டினேன்." அதிகாரிகூடப் பேனாவை நிறுத்திவிட்டார். நானும் சிரித்துவிட்டேன்.

கயிறு விடுபட்டதும் நான்காம் இலக்கை இறக்கினேன். புதிய துளை இல்லை. பாவம் நேசா, கடைசிக் குண்டை வெளியே விட்டுவிட்டாள் என்று நினைத்து, மேலே ஏற்றி, அகப்பையை இடமும் வலமும் ஆட்டிப் பூஜ்யம் காட்டினேன். கொடுத்த பத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று பெஞ்சில் மறுபடி சிரித்திருக்கிறார்கள். நீ சிரிக்கவில்லை என்றும், தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் காருக்குப் போனாய் என்றும் சொன்னார்கள். ஜாகென் குறிப்பேட்டில், நான்காம் தடத்தில் இருப்பவர் தடத்தில் வாக்குவாதம் செய்தார், எச்சரிக்கை, என்று எழுதினார்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று நீ கேட்பாய். அன்றே தெரிந்தது. பகல் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு அறையில் பார்லி சூப் வைத்தார்கள். ஜாகென் முடிவுகளைப் படித்தார். ஓத்மார் 86, முதல் இடம். ஒன்பதாம் இடத்துக்கு வந்தபோது, "நேசா, 79. பத்தாவது குண்டு சுடவில்லை, நேரம் முடிந்தது" என்றார். சுட்டுத் தவறவிட்டாள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். சுடவில்லை என்றால் எட்டாவது சத்தம் யாருடையது? கேள்விக்குப் பதில் வர ஒரு கரண்டி சூப் நேரம்கூட ஆகவில்லை. அறையில் உன்னைத் தேடினேன். நீ வந்திருக்கவில்லை. மூன்று நாளில் ஊரைவிட்டே போய்விட்டாய்.

நான் நாற்பது நாள் வாயைத் திறக்கவில்லை.

காரணங்களைச் சொல்கிறேன், மன்னிப்புக்காக அல்ல. சொன்னால் சுடுதளத்தை மூடுவார்கள். சத்தம், ஈயம் என்று ஏற்கனவே ஊராட்சியில் பாதிப் பேர் மூடச் சொல்கிறார்கள். சொன்னால் ஜாகெனின் உரிமம் போகலாம். அவர் என் பள்ளித் தோழர். சொன்னால் பார்லா என்னைக் குழிப்பக்கமே விடமாட்டாள், எந்த மனைவிதான் விடுவாள். எல்லாம் நல்ல காரணங்கள். இப்படிப்பட்ட நல்ல காரணங்களை ஊராட்சித் தலைவர்களும் பாலம் கட்டியவர்களும் என்னிடம் சொன்னபோது, நாற்பது வருடம் நான் அவற்றை ஒரு வரியில் எழுதி, அடுத்த வரியில் உண்மையை எழுதினேன்.

இதற்கிடையில் ஒவ்வொரு நாளும் ஏதாவது நடந்தது. பார்லாவுக்கு அறுபத்தாறு வயது முடிந்தது. ஆப்பிள் பறித்தோம். மேய்ச்சலிலிருந்து மாடுகள் இறங்கின. பக்கத்து வீட்டு நாய் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது. ஒவ்வொன்றையும் பார்த்து, இது எனக்கு நேசா விட்டுவைத்தது என்று நினைத்தேன். நினைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். நன்றியைச் சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு கனம் என்று உனக்கு விளக்கப் போவதில்லை. நீ அங்கே உன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாய். அதுதான் பெரிய கனம். அதை உன்மேல் வைத்தவன் நான்.

25ஆம் தேதி ஜாகென் உன் அட்டையைப் படித்து முடித்ததும் ஓத்மார், "ரோஷக்காரிப்பா. ஒரு குண்டுக்கு இவ்ளோ கோவமா?" என்றான். துப்பாக்கியை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து நின்று, "அந்தத் துப்பாக்கி விக்கறதுக்கு இல்ல. அது சுடாததாலதான் நான் இங்க நிக்கறேன்" என்றேன். பிறகு இப்போது உனக்கு எழுதிய வரிசையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பாறையைச் சொன்னதும் ஜாகென் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முடித்தபோது யாரும் திட்டவில்லை. ஓத்மார் எழுந்து வெளியே போனான். வாசலில் அவன் வாந்தி எடுத்தது உள்ளே கேட்டது.

அதிகாரிக்கு அன்றே கடிதம் எழுதியவர் ஜாகென். உரிமம் போனாலும் போகட்டும் என்றார். 29ஆம் தேதி ஒத்திகையின்போது அவர் நான்காம் தடத்தில் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்தார். முடிந்ததும் போன் செய்யாமல், முந்நூறு மீட்டரும் நடந்தே குழிக்கு வந்தார். "முரேசி, உன் தொப்பிகூடத் தெரியலடா" என்றார். இருவரும் சேர்ந்து நடந்து திரும்பினோம்.

பார்லாவுக்குக் கமிட்டிக் கூட்டம் முடிந்த கையோடு சொன்னேன். மறுநாள் ரொட்டிக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை மடித்தாள். மடித்ததை அடுக்கில் வைத்துவிட்டு வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தக் காகிதம் எவ்வளவு கனம்?"

செய்தித்தாள் இரண்டு மடிப்பு இருக்கும் என்றேன்.

அன்றிலிருந்து அவள் உனக்காகக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். இதுவரை மூன்று ஜோடி. நரினிலும் உனக்கு இரண்டு கால்தான் இருக்கும் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் நூல்கண்டைப் பிடித்துக் கொடுத்தேன். பார்சல் தனியாக வரும். அதில் வாதுமைப் பணியாரம் ஒன்றும் வைத்திருக்கிறாள். வழியில் உடையும். உடைந்ததைச் சாப்பிடு.

ஓத்மார் போன சனிக்கிழமை மணியை முதுகில் சுமந்துகொண்டு வந்து கிளப் மேசைமேல் வைத்தான். "இத எந்த மாட்டுக் கழுத்துல கட்டறது? ஒவ்வொரு தடவ ஆடும்போதும் நான் சொன்ன வார்த்தைதான் கேக்குது" என்றான். உனக்குத் தனியாக எழுத முயன்றிருக்கிறான். மூன்று காகிதம் கிழித்தானாம். அவன் வாய் நீளம் உனக்குத் தெரியும். அந்த வாய்க்கு வார்த்தை வராமல் நான் இப்போதுதான் பார்க்கிறேன். அவனை மன்னிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நடந்ததைச் சொல்ல மட்டும் உண்டு.

என்னைப் பற்றி ஒரு வரி. இனி குழிக்குப் போகமாட்டேன். யாரும் தடுக்கவில்லை, நானே எடுத்த முடிவு. எண்ணிக்கை தவறுவது எவருக்கும் நடக்கும். பதிலுக்குக் காத்திருக்காமல் ஏறியதுதான் என் தவறு. அதைச் செய்தவன் அங்கே நிற்கக் கூடாது. இதை அதிகாரிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. உன் வெட்டர்லி ஜாகெனின் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. நீ அன்று சுத்தம் செய்யாமல் போய்விட்டாய். கருமருந்து குழாயை அரித்துவிடும் என்று மறுநாளே ஜாகென் வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போட்டிருக்கிறார். உன்மேல் எச்சரிக்கை எழுதிய அதே கை. மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். அதை விற்கச் சொல்லாதே, நேசா. உறுப்பினர் படிவத்தில் டிசம்பர் 31க்குள் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் அதுவும் நியாயம்தான். ஆனால் உன் கண்ணை நம்பாமல் வேண்டாம் என்று சொல்லாதே. அன்று அந்தத் தளத்தில் முப்பது பேர் இருந்தோம். சரியாகப் பார்த்தது ஒரே ஒருத்தி.

நன்றி என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் எங்கே எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். எங்கே வைத்தாலும் சின்னதாக இருக்கிறது. ஆகவே இங்கேயே எழுதிவிடுகிறேன். நன்றி, நேசா. நீ நூறு வயது இரு. உன் கை நடுங்காமல் இருக்கட்டும், உன் கண் மங்காமல் இருக்கட்டும். அந்த மலைநாட்டில் உன் பாலும் அதை உறைய வைக்கும் கலமும் உன் சொல் கேட்கட்டும்.

இன்னும் முடிவாகாதவை இவை. ஜாகெனின் உரிமம் பற்றி அதிகாரி டிசம்பர் 20க்குள் எழுதுவார். புது போனும் விளக்கும் மார்ச் முதல் வாரம் பொருத்துகிறார்கள். சோதனையில் தேறினால், இப்போது பூட்டியிருக்கும் தளம் ஏப்ரல் 6, ஞாயிறு, மறுபடி திறக்கும். இம்மாதம் 23ஆம் தேதி, சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பொதுக்கூட்டம். அதில் இரண்டு கோரிக்கைகள் வாக்குக்கு வருகின்றன. மணியை உனக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது ஓத்மாருடையது. தளம் திறக்கும் நாளில் நான்காம் தடத்தில் உனக்கு ஒரு நிமிடமும் ஒரு குண்டும் கொடுத்து, வருவது எதுவோ அதை 79உடன் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஜாகெனுடையது. சம்பந்தப்பட்டவன் என்பதால் எனக்கு வாக்கு இல்லை. சுடாத குண்டுக்குப் பரிசு வாங்க நீ சம்மதிக்கமாட்டாய் என்பது என் ஊகம். அந்த ஒரு நிமிடத்துக்குச் சம்மதிப்பாய் என்பது என் ஆசை. அன்று குழியில் யார் இருந்தாலும், நான் உன் பாய்க்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக உன் பதில். உன் அட்டை இங்கு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. இதை இன்றே தபாலில் போடுகிறேன். அதே கணக்குப்படி 19ஆம் தேதி உன் கையில் இருக்கும். அன்றே ஒரு வரி எழுதினால் டிசம்பர் 1ஆம் தேதி இங்கு வரும். அன்று ஞாயிறு, தபால் கிடையாது. திங்கட்கிழமை காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

உயிருள்ளவரை நன்றியுடன்,
முரேசி